ஆறாவது கை

ஹார்லிகோம்ப்
மெழுகுதிரித் திருநாளுக்கு மறுநாள், 1349

எம்மட்டுக்கு,

உன் கணவன், என் மகன் ஹாமன், போன வியாழக்கிழமை கோழி கூவும் நேரத்தில் இறந்துவிட்டான். சொல்ல வேண்டியது என் கடமை என்பதால் எழுதுகிறேன். கன்னியர் மடத்துச் சமையல்கட்டில் சிறுவயதில் பொறுக்கிக்கொண்ட நாலு எழுத்து இதற்குத்தான் உதவியிருக்கிறது.

மாவு வாங்கி வருகிறேன் என்று உன்னிடம் சொல்லிக் கிளம்பினானாம். பிரிஸ்டலில் கடை எதுவும் திறக்கவில்லை, அம்மா வீட்டில் பார்லி இருக்கும் என்று நினைத்திருக்கிறான். இருந்தது. ஆனால் கொள்ளைநோய்க்குப் பயந்து கிறிஸ்து பிறப்புத் திருநாளிலிருந்து நாங்கள் பாலத்தில் ஆள் போட்டிருக்கிறோம். பிரிஸ்டல் பக்கமிருந்து வருகிற யாரையும் ஊருக்குள் விடுவதில்லை என்று கோவிலில் கூடிக் கை தூக்கினோம். நானும் தூக்கினேன். அன்று காவலில் நின்றவன் தர்ஸ்டன், ஹாமனின் சித்தப்பா மகன். "நீ யாருன்னு எனக்குத் தெரியும் ஹாமா. அதுக்காக விட முடியாது. வந்த வழியே போயிரு" என்றானாம். என் மகன் மாவு ஆலைக்குக் கீழே போய், பனிக்காலத்துத் தண்ணீரில் மார்பளவு இறங்கி வந்து சேர்ந்தான். ஏழு வருஷத்தில் முதல் தடவையாக.

வீட்டுக்குள் விடவில்லை. முளைகட்டிய பார்லியைக் காயப்போடும் கொட்டகையில் படுக்கவைத்தேன். அக்குளில் முட்டை அளவு வீக்கம். இனி என்ன என்று பார்த்தவுடன் தெரிந்துவிட்டது.

எங்கள் பங்குச்சாமியார் மூன்று ராஜாக்கள் திருநாளுக்கு முன்பே நோயில் போய்விட்டார். அடுத்தவரை அனுப்ப, பங்குகளுக்கெல்லாம் மேலே இருக்கிற மேற்றிராணியாரிடமும் ஆள் இல்லை. நிருபக் கடிதம் மட்டும் அனுப்பினார், கோவில் ஊழியம் பார்க்கிற கோவில்பிள்ளை வாசித்தான். சாமியார் கிடைக்காத ஊரில் சாகக் கிடப்பவர்கள் யாரிடம் வேண்டுமானாலும் தங்கள் பாவத்தைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்யலாமாம். ஆண்பிள்ளை கிடைத்தால் ஆண்பிள்ளையிடம், கிடைக்காவிட்டால் பொம்பளையிடம்கூட. கேட்டதை வெளியே சொன்னால் சாமியார் சொன்னால் எவ்வளவு பாவமோ அவ்வளவு பாவம். வாசித்து முடித்த கையோடு கோவில்பிள்ளையும் படுத்துவிட்டான். அதற்குப் பிறகு இந்த ஊர் ஆண்பிள்ளைகளில் ஒருத்தன்கூட நோயாளி வாசலை மிதிக்கவில்லை. ஆலைக்காரன் மனைவி என்னைக் கூப்பிட்டனுப்பினாள். அவளுக்குப் பிறகு ஒவ்வொருவராகக் கூப்பிட்டார்கள். எனக்கு அறுபது தாண்டிவிட்டது, போனால் போகிறேன் என்று போனேன்.

ஹாமன் சொல்வதைக் கேட்க ஆள் தேடி மூன்று வீட்டுக் கதவைத் தட்டினேன். பெற்றவள் கேட்பது முறையில்லை என்று எனக்கும் தெரியும். "நீங்களே கேட்டுருங்க இசொல்டாம்மா, உங்களுக்குத்தான் பழக்கமாயிருச்சே" என்று கதவுக்குப் பின்னாலிருந்து சொன்னார்கள். கொட்டகை வாசற்படியில் உட்கார்ந்து கேட்டேன். கேட்டது அந்தப் படியிலேயே முடிந்தது. நீ அதைப் பற்றிக் கேட்காதே.

ஆலைக்குப் பின்னால் புதிதாக மந்திரித்த கல்லறை நிலத்தில் அடக்கம் செய்தோம். தனிக்குழி. அதற்கு நான்தான் மண் வெட்டினேன்.

அவன் பெயரில் இருக்கிற காணியும் இந்த வீடும் வழக்கப்படி விதவைக்குச் சேரும். ஆனால் உன் மேல் பண்ணை மன்றில் ஒரு வழக்கு முடியாமல் கிடக்கிறது. அது தீராமல் உன் பெயரில் எழுதமுடியாது என்று பிரபுவின் காரியக்காரர் சொல்கிறார். தீராவிட்டால் அடுத்த உரிமை தர்ஸ்டனுக்கு. உயிர்ப்புத் திருநாளான பாஸ்கு முடிந்த இரண்டாம் செவ்வாய் மன்று கூடுகிறது.

பேத்திக்குக் காய்ச்சல் இல்லையே?

இசொல்டா

—

பிரிஸ்டல்
தபசுகாலம் தொடங்குவதற்கு முந்தின நாள்

மதிப்புக்கும் வணக்கத்துக்கும் உரிய மாமியார் இசொல்டா அம்மையாருக்குப் பணிவுள்ள மருமகள் எம்மட் ஆயிரம் தோத்திரம் சொல்லி எழுதிக்கொள்வது.

அத்தை, மேலே இருப்பது எழுதித்தருகிறவருடைய வார்த்தை. அது இல்லாவிட்டால் கடிதம் ஆகாது என்கிறார். இனி வருவது என்னுடையது.

கம்பளி வண்டிக்காரர் கிப் தெருமுனையிலேயே வண்டியை நிறுத்தி, கடிதத்தைக் கம்பு நுனியில் செருகி நீட்டினார். மற்ற கையால் தொப்பியைக் கழற்றினார். அப்போதே தெரிந்துவிட்டது. அமிஸுக்கு இரண்டு நாள் கழித்துச் சொன்னேன். "அப்ப மாவு?" என்று கேட்டாள். எட்டு வயது. வேறு எதைக் கேட்பது என்று அவளுக்குத் தெரியவில்லை.

இங்கே பெரிய கடைத்தெருவில் கல்லுக்கு நடுவே புல் முளைத்துவிட்டது. துணிப்பட்டறையில் அவரோடு துணி மிதித்தவர்களில் இருவர் மிச்சம். பட்டறை மூடிவிட்டார்கள். நான் கம்பளி சிக்கெடுத்துக் கொடுக்கிற வீட்டில் கதவைத் திறக்க ஆள் இல்லை. க்ளாஸ்டர் பக்கம் பிழைக்கப் போனவர்களை அந்த ஊர்க்காரர்கள் கோட்டை வாசலிலேயே திருப்பி அனுப்பிவிட்டார்கள். காணி கிடைக்காவிட்டால் எனக்கும் பிள்ளைக்கும் வேறு வழி இல்லை. இதை மறைத்துப் பேச நான் விரும்பவில்லை.

வழக்கு என்று எழுதியிருந்தீர்கள். எழுதித்தருகிறவர் என்ன வழக்கு என்று கேட்டார், சொன்னேன். மது காய்ச்சுகிற என் மாமியாரின் பித்தளை அண்டா ஏழு வருஷத்துக்கு முன்னால் காணாமல் போனது, வெல்ஸ் சந்தையில் விலைபோனது, அதை வைக்கோல் போட்டு மூடிய வண்டியில் நான் உட்கார்ந்து போனதை ஊர் பார்த்தது, மாமியார் கூக்குரல் எழுப்பி மன்றில் என் பெயரைக் கொடுத்தார், நான் ஆமாம் என்றும் சொல்லவில்லை இல்லை என்றும் சொல்லவில்லை, இரவோடு இரவாக நாங்கள் இங்கே வந்துவிட்டோம் என்று. அவர் பேனாவை வைத்துவிட்டு, "ஏம்மா, இல்லைன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே" என்றார். நான் அவருக்கும் பதில் சொல்லவில்லை.

அத்தை, அவர் கடைசியில் என்னைப் பற்றி ஏதாவது சொன்னாரா? பாவசங்கீர்த்தனத்தில் கேட்டதைச் சொல்ல வேண்டாம். தண்ணீர் கேட்டபோது, புரண்டு படுத்தபோது, வெளியே ஏதாவது சொல்லியிருப்பாரே.

இன்னொன்று. ஏழு வருஷமாக உங்கள் கடிதம் எல்லாம் "அண்டா திருடிக்கு" என்றுதான் தொடங்கும். கிப் வாய்மொழியாகச் செய்தி கொண்டுவந்தாலும் அதைச் சொல்லிவிட்டுத்தான் விஷயத்துக்கு வருவார். இந்தத் தடவை என் பெயரை எழுதியிருந்தீர்கள். கடிதத்தை மறுபடி முழுக்கப் படிக்கச் சொல்லிக் கேட்டேன், அண்டா என்ற சொல்லே இல்லை.

எம்மட்

—

ஹார்லிகோம்ப்
தபசுகாலத்து இரண்டாம் ஞாயிறு

அண்டா திருடி எம்மட்டுக்கு,

சாவு வீட்டு அவசரத்தில் ஒரு சொல் விட்டுப்போயிற்று. அதற்கு ஒரு அர்த்தம் தேடாதே. இதை உனக்குப் படித்துக் காட்டுகிற எழுத்துக்காரரே, நீரும் தேடாதீர்.

நான் எதையும் மறக்கவில்லை. உன் கல்யாணத்துக்கு நான் காய்ச்சிய மதுவை உன் அம்மா புளிப்பு என்று சொன்னது ஞாபகம் இருக்கிறது. அறுவடை விருந்தில் என்னைக் கேட்காமல் நீ பன்றித்தலையை அறுத்தது ஞாபகம் இருக்கிறது. சூதாடுகிற என் மகனுக்கு நீ ஒரு நாளும் கதவை அடைத்ததில்லை, அதுவும் இருக்கிறது. என் மாமியார் கொடுத்த அண்டா போனபிறகு ஏழு வருஷமாக மண்பானையில் காய்ச்சுகிறேன். ஒவ்வொரு தடவையும் அடி பிடிக்கிறது.

தண்ணீர் கேட்டபோது தண்ணீர் என்றுதான் சொன்னான். மகள் உயரமாகிவிட்டாள் என்றான். உன் பெயரைச் சொன்னான். வெளியே சொன்னது அவ்வளவுதான்.

மன்றில் நீ செய்ய வேண்டியது இது. வழக்கமான ஆறு கை. வேதப்புத்தகத்தின் மேல் நீ கை வைத்து, நான் எடுக்கவில்லை என்று சத்தியம் செய்ய வேண்டும். உனக்குப் பின்னால் ஐந்து பேர் கை வைத்து, இவள் சத்தியம் சுத்தமானது என்று நம்புகிறோம் என்று சொல்ல வேண்டும். அவர்கள் எதையும் பார்த்திருக்க வேண்டியதில்லை. உன்னை நம்பினால் போதும். பழைய நாளில் உனக்கு இருபது பேர் கிடைத்திருப்பார்கள், நீ சிரித்துப் பேசுகிறவள். இப்போது எண்ணிப் பார். தச்சன் ஓஸ்பர்ட் இருக்கிறான், அவன் தங்கை சிபில் இருக்கிறாள். ஆடு மேய்க்கிற கில்லும் விதவை மார்ஜெரியும் வருவார்கள். உனக்கு வேண்டப்பட்ட மற்றவர்கள் எல்லாம் ஆலைக்குப் பின்னால் கிடக்கிறார்கள். மிச்சம் இருக்கிற ஆண்பிள்ளைகள் தர்ஸ்டனிடம் உழவுக்கு எருது வாங்குகிறவர்கள்.

தர்ஸ்டன் இப்போதே வந்து என் கூரையை அண்ணாந்து பார்த்துவிட்டுப் போகிறான். "பெரியம்மா, ஓலை மாத்தணும் போலிருக்கே" என்கிறான். "உன் தலைமயிரைப் பிடுங்கிப் போடு, போதும்" என்றேன்.

வெள்ளிக்கிழமைகளில் செருப்பில்லாமல் ஊரைச் சுற்றி மன்றாட்டுப் பவனி போகிறோம். முதல் பவனிக்கு வரிசையின் வால் ஆற்றங்கரையில் இருந்தது. போன வெள்ளிக்கிழமை எல்லோரும் கோவில் முற்றத்துக்குள் அடங்கிவிட்டோம்.

இசொல்டா

—

பிரிஸ்டல்
மாதா மங்கள வார்த்தைத் திருநாள்

அத்தைக்கு,

எழுதித்தருகிறவர் இறந்துவிட்டார். இதை எழுதுவது மீன்கடை டயோட்டா. எழுத்து பெரிதாக இருக்கும், கருவாட்டு வாசனையும் வரும். ஆனால் இவளிடம் சொன்னது வெளியே போகாது. அதனால் இந்தத் தடவை கொஞ்சம் தாராளமாகப் பேசுகிறேன்.

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு டயோட்டா சொன்னாள்: "உன் மாமியாக்காரி திட்டறதுக்கு ரொம்பப் பாடுபடுறா. கோபத்துல திட்டற மாதிரி தெரியலையே." எனக்கும் அப்படித்தான் பட்டது. பழைய திட்டு சரளமாக வரும். இது ஒவ்வொன்றாகப் பொறுக்கி வைத்தது.

உங்களுக்குத் தெரியும் அத்தை. உங்களுக்குத் தெரியும் என்று எனக்கும் தெரியும்.

அந்த வண்டியில் வைக்கோலுக்குக் கீழே என்ன இருக்கிறது என்று வெல்ஸ் போய்ச் சேரும்வரை எனக்குத் தெரியாது. தெரிந்தபோது சண்டை போட்டேன். வீட்டுக்குத் திரும்பியபோது நீங்கள் தெருவில் நின்று என் பெயரைக் கூவிக்கொண்டிருந்தீர்கள். அன்று இரவு, யார் எடுத்தது என்று உயிர் போனாலும் சொல்லமாட்டேன் என்று என் கணவருக்குச் சத்தியம் செய்தேன். அவர் அழுதார். "அம்மாவுக்குத் தெரிஞ்சா அவ செத்துருவா எம்மட், நீன்னா கோபத்தோட போயிரும்" என்றார். அந்தச் சத்தியத்தை இன்றைக்கும் மீறவில்லை. பெயர் சொல்லவில்லை. ஆனால் ஒரு பெண் யாருக்காக அப்படி ஒரு சத்தியம் செய்வாள் என்று நீங்கள் ஏழு வருஷத்தில் ஒரு நாளாவது யோசித்திருக்கலாம்.

சரி. இப்போது நான் கேட்பது ஒன்றே ஒன்று. வழக்கை வாபஸ் வாங்கிக்கொள்ளுங்கள். குற்றம் சாட்டியவரே விட்டுவிட்டால் சத்தியமும் வேண்டாம், ஆறு கையும் வேண்டாம். ஒரு வார்த்தை போதும். நீங்கள் மன்னிப்புக் கேட்க வேண்டாம். ஏன் என்று யாருக்கும் சொல்லவும் வேண்டாம்.

அது முடியாது என்றால் நான் வரவில்லை. நாலு பேர் எனக்காகக் கை வைத்து, ஐந்தாவது ஆள் இல்லாமல் ஊருக்கு நடுவே திருடி என்று தீர்ப்பாகி நிற்க என்னால் முடியாது. அதைவிட இங்கே டயோட்டாவோடு மீன் கழுவுகிறேன்.

எம்மட்

—

ஹார்லிகோம்ப்
குருத்து ஞாயிறு

அண்டா திருடிக்கு,

என் மகன் என்ன சொன்னான் என்று நான் சொல்லவில்லை. ஏதாவது சொன்னான் என்றும் சொல்லவில்லை. மீன்கடைக்காரி எதையாவது கண்டுபிடித்திருந்தால் அது அவள் பாடு.

வழக்கை விடமாட்டேன். ஏன் என்று சொல்கிறேன், கேட்டுக்கொள்.

ஏழு வருஷம் விடாமல் பிடித்ததை இந்த வசந்தத்தில் விட்டால் ஊர் என்ன கேட்கும்? "கிழவிக்கு என்ன ஆச்சு?" என்று கேட்கும். எனக்கு என்ன ஆயிற்று என்று யோசித்தால் ஒன்றுதான் அகப்படும். மகன் வந்தான், கொட்டகையில் கிடந்தான், அவனுக்கு நான் காது கொடுத்தேன். ஒரு மாடு கறக்கிற நேரத்தில் மிச்சத்தை அவர்களே கட்டிவிடுவார்கள். அப்புறம் நான் வாய் திறக்காமலே திறந்தவள் ஆவேன்.

நாற்பது வருஷமாக இந்த ஊர்ச் சங்கதி எல்லாம் என் மது மேசையைத் தாண்டித்தான் போகும். யார் யாரோடு, யார் வேலியை யார் நகர்த்தினார்கள், எல்லாம் நான் சொல்லித்தான் அடுத்த தெருவுக்குத் தெரியும். அப்படிப்பட்டவளிடம் சாகப்போகிறவர்கள் வந்தார்கள், வேறு ஆள் இல்லாததால். சிலர் பிழைத்தும் எழுந்துவிட்டார்கள். அவர்கள் தெருவில் என்னைப் பார்க்கும் பார்வையை நீ பார்க்க வேண்டும். என் உதடு அசைகிறதா என்றே பார்க்கிறார்கள். நேற்றுக்கூட கில்லின் மனைவி என்னை வரச்சொன்னாள். போய் உட்கார்ந்தேன். முதலில், "நீங்க கேட்டத நீங்களே மறந்துருவீங்களா?" என்றாள். "எனக்கு மறதி கிடையாது, ஊருக்கே தெரியும். ஆனா சொல்லமாட்டேன்" என்றேன். அதற்குப் பிறகுதான் பேசினாள். இன்று காலையில் போய்விட்டாள். ஒருத்தனுடையதை நான் கசியவிட்டது தெரிந்தால், அடுத்தவள் வாய்மூடியபடியே சாவாள். அது என் தலைக்கு வேண்டாம்.

அதனால் வழக்கு அப்படியே நிற்கும்.

ஆனால் நீ வா. கூச்சமாக இருந்தாலும் வா. நாலு கை இருக்கிறது, ஐந்தாவது இல்லை என்று வீட்டில் உட்கார்ந்து தீர்மானிக்காதே. மன்றில் வந்து நின்று, ஊர் காதில் விழும்படி நான் எடுக்கவில்லை என்று சொல். அதை நீ இதுவரை ஒரு தடவைகூடச் சொன்னதில்லை. நான் தெருவில் கத்தியபோது வாயடைத்து நின்றாய். அது என்னை அன்றைக்கு எவ்வளவு எரிச்சல்படுத்தியது என்று உனக்குத் தெரியாது. நீ எடுக்கவில்லை என்று சொல்லலாம், அதற்கு யார் எடுத்தார்கள் என்று சொல்ல வேண்டியதில்லை. உன் சத்தியம் அப்படியே இருக்கும்.

பாலத்தில் இப்போது காவல் இல்லை. நிற்பதற்கு ஆள் இல்லை.

இசொல்டா

—

பிரிஸ்டல்
புனித மாற்கு திருநாள்

அத்தைக்கு,

மன்று முடிந்ததும் நான் ஓடிவந்ததற்குக் கோபப்படாதீர்கள். அமிஸை டயோட்டாவிடம் விட்டு வந்திருந்தேன், கிப்பின் வண்டி காத்திருந்தது. உங்கள் முகத்தைப் பார்த்துப் பேசவும் எனக்குத் தைரியம் வரவில்லை. அதனால் டயோட்டாவை உட்காரவைத்து எழுதுகிறேன்.

நான் புத்தகத்தில் கை வைத்தபோது குரல் எழும்பவில்லை. காரியக்காரர் "சத்தமாச் சொல்லும்மா" என்றார். சொன்னேன். ஏழு வருஷத்தில் முதல் தடவை. ஓஸ்பர்ட் வந்து கை வைத்தார். சிபில் வைத்தாள். மனைவியைப் புதைத்து இரண்டு வாரமே ஆன கில் வந்து வைத்தார். மார்ஜெரி வைத்தாள். அப்புறம் யாரும் வரவில்லை. காரியக்காரர் பெஞ்சுகளைப் பார்த்தார். தர்ஸ்டன் தன் ஆட்களைப் பார்த்துச் சிரித்தது எனக்குத் தெரிந்தது.

அப்போது நீங்கள் எழுந்தீர்கள். வழக்குக்காரி என்பதால் பேச வருகிறீர்கள் என்று நினைத்து எல்லோரும் வழிவிட்டார்கள். நீங்கள் நேராக வந்து என் கைக்குப் பக்கத்தில் உங்கள் கையை வைத்தீர்கள்.

காரியக்காரர், "இசொல்டா, உனக்கு வயசாயிருச்சு. நீ அந்தப் பக்கம்" என்றார்.

"எந்தப் பக்கம்னு எனக்குத் தெரியும். இவ சத்தியம் சுத்தம்னு நம்பறேன். எழுதிக்குங்க."

"ஏழு வருஷமா இவளத் திருடின்னு சொன்னவ நீதானே?"

நீங்கள் அவரைப் பார்க்கவில்லை, தர்ஸ்டனைப் பார்த்தீர்கள். "என் புள்ளையப் பாலத்துல நிறுத்தினவன் என் வீட்டு அடுப்படியில உக்காந்து கால் காயவைக்கக் கூடாது. அதுக்கு என் கை வேணும்னா ரெண்டு கையையும் வைக்கிறேன்."

ஊரே சிரித்தது. காரியக்காரரும் சிரித்தார். வழக்குக்காரி குற்றவாளிக்குக் கை வைக்கக் கூடாது என்று வழக்கத்தில் எங்கும் இல்லை என்று ஒரு கிழவர் சொன்னார். காரியக்காரருக்கும் உழுவதற்கு ஆள் வேண்டும். எழுதிவிட்டார்.

கிழவி தர்ஸ்டன் மேல் உள்ள வன்மத்தில் பொய்ச் சத்தியம் செய்துவிட்டாள் என்று வண்டி வரைக்கும் பேசிக்கொண்டே வந்தார்கள். பேசாமலிருப்பது எனக்குப் பழக்கம். ஆனால் இந்தத் தடவை அது சரியாகப் படவில்லை. காணி கிடைத்தது, என் பெயரும் கழுவப்பட்டது. அந்த அழுக்குத் தண்ணீரை நீங்கள் தலையில் ஊற்றிக்கொண்டீர்கள்.

எம்மட்

—

ஹார்லிகோம்ப்
சிலுவை கண்டெடுத்த திருநாள்

எம்மட்டுக்கு,

மன்று உன்னைச் சுத்தம் என்று தீர்த்துவிட்டதால் பழைய பெயரில் கூப்பிட்டால் எனக்குத்தான் தண்டம் விழும். அதனால் பெயரோடு நிறுத்திக்கொள்கிறேன்.

புதுச் சாமியார் வந்துவிட்டார். மீசை முளைக்காத பையன். போன மாதம்தான் குருப்பட்டம் கொடுத்திருப்பார்கள் போலிருக்கிறது. குறை சொல்லவில்லை, நோயாளி வீட்டுக்குத் தானே போகிறார், என்னை இனி யாரும் கூப்பிட வேண்டியதில்லை. வந்த முதல் வாரமே தர்ஸ்டன் அவர் காதில் போட்டுவிட்டான். கூப்பிட்டனுப்பினார்.

"ஏழு வருஷம் அவ திருடின்னு சொன்னீங்க. இப்ப இல்லைன்னு சத்தியம் பண்ணியிருக்கீங்க. ரெண்டுல எது பொய்?"

அப்போது சொன்னதுதான் தப்பு என்று சொன்னால், எப்போது எப்படித் தெரிந்தது என்று அடுத்த கேள்வி வரும். இப்போது சொன்னதுதான் பொய் என்று சொன்னால் அது பொய். "எதுன்னு நீங்களே முடிவு பண்ணிக்குங்க சாமி" என்றேன்.

"உங்களுக்கு அவ மேல நம்பிக்கை எங்கிருந்து வந்தது?"

"அவ புத்தகத்துல கை வச்சுச் சொன்னா. என் காதால கேட்டேன்."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவு போதாதா சாமி?"

உண்மையிலேயே அது போதும் எம்மட். அன்றைக்கு நீ சொன்ன குரலைக் கேட்டுத்தான் எழுந்தேன். வேறு எதையும் நான் மன்றுக்கு எடுத்துவரவில்லை. இதை நீ நம்ப வேண்டும்.

அவர் நம்பவில்லை. வன்மத்தினால் செய்த பொய்ச் சத்தியம் என்று முடிவு கட்டினார். மூன்று ஞாயிறு வெள்ளைத் துணி போர்த்தி, செருப்பில்லாமல், கையில் மெழுகுதிரியோடு பூசை முடியும்வரை கோவில் வாசலில் நிற்க வேண்டும். மூன்றாவது ஞாயிறு முடிந்த பிறகுதான் பூசையில் நன்மை அப்பம் கொடுப்பாராம். சரி என்றேன். காரியக்காரர் தீர்ப்பைத் திறக்கமாட்டார், அதை விசாரித்துக்கொண்டேன்.

இன்று முதல் ஞாயிறு. நின்றேன். தர்ஸ்டன் கடந்து போகும்போது, "பெரியம்மா, மெழுகு கையில சொட்டுது பாருங்க" என்றான். "உன் அப்பன் வேலியை நகர்த்தினப்பவும் இப்படித்தான் அக்கறையாப் பேசுவான்" என்றேன். சாமியார் திரும்பிப் பார்த்தார். வாயை மூடிக்கொண்டேன்.

உள்ளே பூசையில், பனிக்காலத்தில் என்னிடம் பேசிப் பிழைத்தவர்கள் மூன்று பேர் இருந்தார்கள். வெளியே வரும்போது ஒருவரும் என்னை நேராகப் பார்க்கவில்லை. ஆனால் உதட்டையும் பார்க்கவில்லை. முன்னே அதைத்தான் பார்ப்பார்கள்.

நீ உன் வாயை மூடிக்கொண்டிரு.

இசொல்டா

—

பிரிஸ்டல்
வெள்ளிக்கிழமை

அத்தைக்கு,

இல்லை. இந்தத் தடவை மூடமாட்டேன். நான் அடுத்த வாரம் சனிக்கிழமை கிளம்பி வருகிறேன், அந்தச் சாமியாரிடம் போய் உண்மையைச் சொல்கிறேன். சத்தியம் செய்தவள் நான், அதை மீறினால் வருகிற பாவம் என்னுடையது. இறந்தவருக்கு இனி ஊர்ப்பேச்சு என்ன செய்யும்? நீங்கள் அறுபது வயதில் குளிர்ந்த கல்லின் மேல் நிற்க வேண்டியதில்லை. நன்மை வாங்காமல் இந்த வியாதி உங்களைத் தொட்டுவிட்டால் என்ன ஆகும் என்று யோசித்தீர்களா?

சொல்லக் கூடாது என்று நீங்கள் பிடிவாதம் பிடித்தால் அதையாவது செய்யவிடுங்கள்: மூன்றாவது ஞாயிறு உங்கள் பக்கத்தில் நானும் மெழுகுதிரியோடு நிற்கிறேன். டயோட்டா மெழுகுதிரி வாங்கி வைத்துவிட்டாள். அமிஸும் வருகிறாள். நினைவு தெரிந்து அவள் பாட்டியை முதல் தடவையாகப் பார்க்கப் போகிறாள்.

எம்மட்

—

ஹார்லிகோம்ப்
இரண்டாம் ஞாயிற்றுக்கு மறுநாள்

எம்மட்டுக்கு,

கிப் இதைக் கையோடு கொண்டுவருகிறார். அவரிடம் பதில் வாங்காமல் வரக்கூடாது என்று சொல்லியிருக்கிறேன்.

சாமியாரிடம் போகாதே. நீ உன் சத்தியத்தை ஏழு வருஷம் காப்பாற்றியிருக்கிறாய். நான் தெருவில் நின்று அவமானப்படுத்தியும் காப்பாற்றினாய். அதை எனக்காக உடைத்தால் நீ அவ்வளவு நாள் சுமந்ததற்கு அர்த்தம் இல்லை. நீ ஒரு பெயரைச் சொன்னால் அந்தப் பெயர் எங்கிருந்து வந்தது என்று யாரும் உன்னைக் கேட்கமாட்டார்கள். என்னைத்தான் பார்ப்பார்கள்.

ஞாயிற்றுக்கிழமை வரவும் வராதே. நீ என் பக்கத்தில் நின்றால், மன்றில் ஜெயித்தவள் ஏன் நிற்கிறாள் என்று பேச்சு வரும். மெழுகுதிரியைத் திருப்பிக் கொடுத்துப் பணத்தை வாங்கிக்கொள். டயோட்டா வாங்கினாள் என்றால் பேரம் பேசாமல் வாங்கியிருப்பாள்.

குளிர் ஒன்றும் இல்லை. நேற்று வெயில் இருந்தது. நிற்கிறபோது உள்ளே பாடுகிற பாட்டு நன்றாகவே கேட்கிறது. இத்தனை வருஷம் உள்ளே உட்கார்ந்து பக்கத்தில் இருப்பவளோடு பேசிக்கொண்டே இருந்ததில் நான் அதைக் கேட்டதே இல்லை.

அடுத்த திங்கட்கிழமை வா. பார்லியில் களை முழங்கால் உயரம் வந்துவிட்டது, கூலிக்கு ஆள் கேட்டால் முன்னைப்போல இரண்டு பங்கு கேட்கிறார்கள். நீயும் நானும் எடுத்தால் ஒரு வாரம் ஆகும். கூரைக்கு ஓஸ்பர்ட் வருகிறேன் என்றிருக்கிறான். கொட்டகைக்குச் சுண்ணாம்பு அடித்துவிட்டேன். நீ அதற்குள் போக வேண்டாம், தானியம் நானே எடுத்துத் தருகிறேன். கட்டில் ஒன்றுதான் இருக்கிறது, நீயும் பிள்ளையும் படுத்துக்கொள்ளுங்கள்.

அமிஸை நினைத்துத்தான் இதை எழுத உட்கார்ந்தேன். இந்த ஊர்ப் பிள்ளைகள் வந்த அன்றே அவளிடம் சொல்லிவிடும், உன் பாட்டி பொய்ச் சத்தியம் செய்தவள், துணி போர்த்தி வாசலில் நின்றவள் என்று. அவள் உன்னிடம் வந்து கேட்பாள். ஆமாம் என்று சொல். இழுக்காமல், என் முகத்தைப் பார்க்காமல் சொல். அவள் என்னிடம் வந்து கேட்டால் நானும் ஆமாம் என்றுதான் தலையாட்டுவேன். கொஞ்ச நாள் என் பக்கத்தில் உட்காரமாட்டாள். உட்காராவிட்டால் போகட்டும். அவள் அப்பாவைப் பற்றி என்னிடம் எது கேட்டாலும், அவன் சின்னப்பிள்ளையாக இருந்ததிலிருந்து சொல்வதற்கு என்னிடம் நிறைய இருக்கிறது. அதெல்லாம் வெளியே சொல்லக்கூடியவை.

இசொல்டா